பாதிக்கப்பட்டவரின் பெயர் யார் கையில் இருக்கிறது?

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சேரியில் வன்கொடுமை நடந்தால், இப்போதெல்லாம் தகவல் சொல்ல ஆள் வருவதற்கு முன்னால் வீடியோ வந்துவிடுகிறது. பரமக்குடிப் பக்கமோ, கமுதிப் பக்கமோ, மண்டபம் கடற்கரையோ, அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே அவருடைய கிழிந்த சட்டையும் வீங்கிய முகமும் நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிடுகின்றன. கூடவே பெயர், தகப்பன் பெயர், தெரு, சில நேரம் செல்போன் எண். அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோர் நம் தோழர்கள். கோபத்தில் அனுப்புகிறார்கள், நியாயம் கிடைக்க வேண்டும் என்று அனுப்புகிறார்கள். அதே வீடியோ எதிர்த்தரப்பின் குழுவுக்கும் போய்ச் சேருகிறது. யார் பக்கத்தில் நின்றார்கள், யார் சாட்சி சொல்லக்கூடும், எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து படம் எடுக்கப்பட்டது என்பதையெல்லாம் அவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் களப்பணி நோட்டிலிருந்து செல்போனுக்கு மாறிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நோட்டுக் காலம் தெரியாது. எங்களுக்கு இரண்டும் தெரியும் என்பதால், எது மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தில் யார் தலை உருளுகிறது என்று சொல்ல வேண்டியது எங்கள் வேலை என்று நினைக்கிறோம்.

பழைய காலத்தைப் புகழ இதை எழுதவில்லை. அன்று ஒரு வழக்கு என்றால் ஒரு நோட்டு, கயிறு கட்டிய ஒரு கட்டு, ஒரு இரும்பு பீரோ. முதல் தகவல் அறிக்கையின் நகலுக்காகக் காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களோடு நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நீதிமன்ற எழுத்தரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இன்று ஈ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதி தெரிந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்கு ஒரு பெண் தன் வீட்டிலிருந்தே பேசிவிடலாம். “அப்படி எதுவும் நடக்கவே இல்லை” என்று மூடப்பட்டிருக்கக்கூடிய புகார்கள் ஒரு நிமிட வீடியோவால் உயிர் பிழைத்திருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 15ஏ, இந்தச் சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே தொழில்நுட்பம் வேண்டாம் என்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது.

ஆனால் இரும்பு பீரோவுக்கு இரண்டு சாவிதான் இருந்தது. யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். செல்போனில் உள்ள ஒரு படத்துக்கு எத்தனை சாவி என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் தகவல் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். 2016 செப்டம்பர் 7 அன்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. பாலியல் குற்றம், போக்சோ போன்ற உணர்வுநுட்பமான வழக்குகளுக்கு விலக்கும் கொடுத்தது. ஆனால் வன்கொடுமை வழக்கின் அறிக்கையில் என்ன இருக்கும்? புகார்தாரரின் பெயர், தகப்பன் பெயர், முகவரி, சாதி, அவர் சொன்ன முழு வாக்குமூலம், பல நேரங்களில் உடனிருந்தவர்களின் பெயர்கள். ஊரில் ஒரு டீக்கடையில் யாரோ ஒருவர் இதைப் பதிவிறக்கம் செய்து உரக்கப் படித்தால் போதும். சாட்சி சொல்ல நினைத்த கூலித் தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்காது.

இணையத்தில் ஏறிய அறிக்கை என்ன செய்யும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே வந்துவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2019 மார்ச்சில், பொள்ளாச்சி வழக்கில் காவல்துறை அதிகாரி செய்தியாளர்களிடம் பெண்ணின் பெயரைச் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது. அப்போதும் மதுரைக் கிளை 25 லட்சம் என்றுதான் சொன்னது. தொகை அதேதான், தவறும் அதேதான். முதல் முறை ஒரு அதிகாரியின் வாய், இரண்டாம் முறை ஒரு கணினி. வெளியே போன பெயர் இரண்டு முறையும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் இளம் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுக்கக் காவல் துணைக் கண்காணிப்பாளருக்குக் குறைந்த அதிகாரிக்கு உரிமை இல்லை என்கிறது 2016 தீர்ப்பு. வன்கொடுமை வழக்கைப் புலன்விசாரணை செய்ய வேண்டியவரும், 1995 விதிகளின்படி, துணைக் கண்காணிப்பாளர்தான். ஆகவே புகார் கொடுக்கும் அன்றே, அதே அதிகாரியிடம், “சாட்சிகளுக்கு அச்சுறுத்தல் இருக்கிறது, இதை இணையத்தில் ஏற்ற வேண்டாம்” என்று எழுத்தில் ஒரு மனு கொடுக்கலாம். பிறகு சிறப்பு நீதிமன்றத்தில் 15ஏ பிரிவின் கீழ், உத்தரவுகளிலும் தீர்ப்பிலும் சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்கும்படி கேட்கலாம். கேட்காமல் கிடைக்காது. கேட்டாலே கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டோம். ஆனால் கேட்ட மனு கோப்பில் இருக்கும். நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாள் பேசும்.

பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்து ஊர்களைப் பார்த்ததில்லை. “மண்டபம் அருகே உள்ள கிராமத்தைச் சேர்ந்த, தாயை இழந்த, பிளஸ் டூ படிக்கும் பட்டியல் சாதி மாணவி” என்று ஒரு அறிக்கை எழுதினால், அந்தக் கிராமத்தில் அது யார் என்று தெரியாதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். முப்பது வீடு உள்ள தெருவில் வயது, வகுப்பு, தகப்பன் தொழில் மூன்றும் சேர்ந்தாலே அது ஒரு பெயர்தான். சென்னையில் உட்கார்ந்து பத்திரிகைச் செய்தியைத் திருத்துகிறவருக்கு இது புரியாது. களத்தில் இருக்கிற நமக்குப் புரிய வேண்டும்.

அடுத்தது சாதி. மற்றவர்களுக்குத் தனியுரிமை என்றால் வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு. நமக்கு முகவரியே சாதிச் சான்றிதழ். ‘காலனி’ என்று ஒரு சொல் ஆதாரில் இருந்தால் போதும், கோயம்புத்தூரில் வாடகை வீடு கேட்டுப் போகும் பையனுக்கு வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஏற்கெனவே ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர் கணினிகளிலும் கிடக்கும் பழைய பிரதிகளை யார் நீக்குவது?

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அதன் பிறகு 2018-இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தயாரித்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும், ‘சாதி அல்லது பழங்குடி’ என்ற விவரம் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாகப் பட்டியலில் இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. உங்கள் செல்போன் எண்ணும் உங்கள் சாதியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். செல்போன் எண் தெரிந்ததற்காக இந்த நாட்டில் யாரையும் வெட்டியதில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நினைவு வரவில்லை போலும்.

தரவுத்தளத்தில் ஒரு கட்டம் கூடுவது களத்தில் என்ன செய்யும் என்பதற்கு நூறு நாள் வேலையே சாட்சி. 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம், கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னது. கணக்கு வசதிக்காக என்றார்கள். ஒரே கண்மாயில் ஒரே நாள் மண் வெட்டியவர்களில் ஒரு பகுதிக்குக் கூலி முன்னால் வந்தது, ஒரு பகுதிக்குப் பின்னால் வந்தது. யார் என்ன சாதி என்று வங்கிக் குறுஞ்செய்தியே வேலைத்தளத்தில் அறிவித்தது. சச்சரவு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த முறை கைவிடப்பட்டது.

கல்லூரியிலும் இதே கதைதான். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல், பெயர், சாதி, குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு எண்ணோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டதாக மாணவர்கள் எங்களிடம் ஸ்க்ரீன்ஷாட் காட்டியிருக்கிறார்கள். போட்டவர் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். “நாளைக்குள் சரிபார்க்கவும்” என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அதுவரை தன் சாதியை வகுப்பில் சொல்லாமல் இருந்த ஒரு மாணவிக்கு, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த ஒரு தட்டில் போய்விட்டது. நாங்குநேரி கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய தகவலை மாணவரைத் தனியாக அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளிக்குச் சொன்னது கல்லூரிக்கும், வகுப்பறைக்குச் சொன்னது வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும். மாணவர் அமைப்புகள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது.

நம் மாவட்டத்தில் நடந்த இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர். பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்றவர், கிறிஸ்தவரைத் திருமணம் செய்தவர். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை இருந்ததை அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். மதம் மாறிவிட்டார் என்று 2013-இல் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021 அக்டோபரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. சுவரில் சிலுவை இருப்பதும் தேவாலயத்துக்குப் போவதும் ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டதற்குச் சான்றாகாது என்று சொன்னது. எட்டு ஆண்டுகள். அன்று அதற்கு ஒரு அதிகாரி படியேறிப் போக வேண்டியிருந்தது. இன்று ஒரு தொண்டு நிறுவனம் கிறிஸ்துமஸ் அன்று சேலை கொடுத்து எடுத்து முகநூலில் போட்ட படம் போதும். நம் கடற்கரையில் சாமி கும்பிடுவதும் ஜெபத்துக்குப் போவதும் ஒரே வீட்டுக்குள் நடக்கிற குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுடைய பிள்ளைகளின் இடஒதுக்கீடு நம் கேமராவின் முன்னால் நிற்கிறது.

படத்தோடு சேர்ந்து இடமும் போகிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் தகராறு பல ஆண்டுகளாக இருக்கிறது. அவர்களுடைய உழைப்பை உலகுக்குக் காட்டுகிறேன் என்று வருகிறவர்கள் எடுக்கும் படத்தில் இப்போது தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பொறித்து வருகிறது. நிதி கொடுப்பவர் கேட்கிறாராம். அந்தப் படம் அந்த அக்காவின் மேல் போடக்கூடிய வழக்குக்கு அவளே கொடுத்த சாட்சி ஆகிவிடலாம். பாம்பன் பக்கத்தில் ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: “படம் எடுக்கணும்னா எடுத்துக்கங்க தம்பி. ஆனா அது எங்கெங்க போகும்னு மொதல்ல சொல்லுங்க. எங்க ஆளுக கையில போனாலும் பரவால்ல, அவுக கையில போயிரக் கூடாது.” சம்மதம் என்றால் என்ன என்று எங்களுக்கு எந்தப் பயிற்சி முகாமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

உண்மையில், உதவி கேட்டு வந்தவரிடம் வாங்கும் சம்மதம் பாதிச் சம்மதம்தான். அரிசிப் பையைக் கையில் பிடித்திருப்பவர் “படம் வேண்டாம்” என்று சொல்ல மாட்டார். மண்டபம் முகாமில் வாழும் ஈழத் தமிழர்களைப் போல, பதிவேட்டையும் அடையாள அட்டையையும் நம்பியே நாளைக் கழிக்க வேண்டியவர்கள் யார் எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டிப் பழகியவர்கள். நீட்டுகிறார்கள் என்பதற்காக நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது.

இங்கே ஒரு கேள்வி வரும். நேர்மையான கேள்வி. “பெயரை மறைத்து மறைத்துத்தானே நம்மை அழித்தார்கள்? இப்போது நீங்களும் மறைக்கச் சொல்கிறீர்களா?” 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனின் பெயரை உரக்கச் சொல்வதால்தான் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் அந்த ஊர் நிறைகிறது. 2011-இல் அதே நாளில் அதே ஊரில் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை நம் தோழர்கள் எழுதி வைக்காமல் இருந்திருந்தால், அவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே போயிருப்பார்கள். பெயர் நமக்கு அரசியல்.

அதனால்தான் சொல்கிறோம், மறைப்பதா சொல்வதா என்பது பிரச்சினை இல்லை. அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. சாதியச் சமூகம் நம் சாதியை மட்டும் தெரிந்துகொண்டு நம் பெயரை மறக்க விரும்புகிறது. வழக்குக் கொடுத்த பெண் “என் பெயரையும் என் முகத்தையும் போடுங்கள், நான் எதற்கு ஒளிய வேண்டும்” என்று சொன்னால், சட்டம் தடுக்காத இடங்களில் அவள் பக்கத்தில் நின்று நாமும் சொல்வோம். அவள் வேண்டாம் என்றால் அது எவ்வளவு பெரிய கூட்டத்தைக் கூட்டக்கூடிய செய்தியாக இருந்தாலும் வேண்டாம்தான். இன்று சரி என்று சொன்னவள் ஆறு மாதம் கழித்து, திருமணப் பேச்சு வரும்போது, எடுத்துவிடுங்கள் என்றால், காரணம் கேட்காமல் எடுக்க வேண்டும்.

நாங்கள் கடைப்பிடிக்கும் சில முறைகளைச் சொல்கிறோம். முதல் சந்திப்பில் செல்போன் பையை விட்டு வெளியே வராது. முதலில் கேட்பது, பிறகு எழுதுவது, பதிவு செய்வது கடைசியில். பதிவு செய்யும் முன் “இதை வக்கீல் பார்ப்பார், டி.எஸ்.பி. பார்ப்பார், நாங்கள் இரண்டு பேர் பார்ப்போம்” என்று ஆள் ஆளாகச் சொல்கிறோம். கோப்பில் பெயருக்குப் பதில் எண். எந்த எண் யார் என்பது வேறொரு இடத்தில் ஒரே ஒரு நோட்டில். ஆதார் நகல் கட்டாயம் தேவைப்படும் இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை முதலில் கொடுத்துப் பார்க்கிறோம். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுகிறோம். படம் வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்ததும் கேலரியிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குகிறோம். ஆதாரமாகப் பயன்படக்கூடிய மூல வீடியோவை மட்டும் அழிக்காமல், எடுத்த செல்போனோடு பத்திரப்படுத்தச் சொல்கிறோம்.

பாதிக்கப்பட்டவரின் செல்போன் அவருடையது என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் அண்ணன் கையில் இருக்கும், இரவில் கணவன் கையில் இருக்கும். அதில் உள்ள ஜிமெயில் கணக்கு செல்போன் கடைத் தம்பியே போட்டுக் கொடுத்ததாக இருக்கும். எடுக்கிற படமெல்லாம் அந்தக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் பெண்களுக்கு எழுத்தில் எதுவும் அனுப்புவதில்லை. எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

நம் செல்போனும் நம்முடையது மட்டும் அல்ல. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனத்தின் ஆய்வு 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. நம்மைப் போன்றவர்களின் கருவி எந்த நாளும் கைப்பற்றப்படலாம். அன்றைக்கு அதில் எத்தனை சாட்சிகளின் முகங்கள் இருக்கும் என்பது இன்றைக்கே நாம் எடுக்க வேண்டிய முடிவு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தனியுரிமை என்ற சொல்லை இப்போது எதிர்த்தரப்பும் கற்றுக்கொண்டுவிட்டது. 2023 சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே மாற்றிவிட்டது. ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லிவிட்டாலே மறுக்கலாம் என்ற நிலை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தீருதவித் தொகை ஏன் வரவில்லை, எந்த அதிகாரி கோப்பை நிறுத்தினார் என்று கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று பதில் வரலாம். புகார்தாரரின் சாதி இணையத்தில் கிடக்கும், அதிகாரியின் பெயர் பாதுகாக்கப்படும். இதை ஏற்க முடியாது. பொது நலன் பெரிதாக இருந்தால் தகவலைத் தர வேண்டும் என்ற 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு மனுவிலும் அதை எழுதுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள்.

தோழர்களே, அதிகாரத்தில் இருப்பவர்களின் செயல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வாழ்க்கை அவர் கையில் இருக்க வேண்டும். இன்று இரண்டும் தலைகீழாக இருக்கிறது. அதை நிமிர்த்துவது நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நடக்க வேண்டிய நீண்ட வேலை. ஆனால் அடுத்த முறை ஒரு சேரியிலிருந்து உங்களுக்கு ஒரு வீடியோ வந்தால், அதை அனுப்பும் முன் அதில் இருப்பவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்பது உங்களால் இன்றே முடியும்.

ஜெய் பீம்.